ஆச்சரியக்குறி

கிளாக்ஸ்விக்கில் வியாழன், இரவு ஒன்பது.
மீன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து
கையுறை வாடை விரலில் இருக்கும்போதே
லாபியைத் திறந்துவிடுவேன்.
பதினாறு இருக்கை. பதினாறும் காலி.
வெளியே காற்று
ஒரு வீட்டுக் குப்பைத்தொட்டியை
இன்னொரு வீட்டு வாசலுக்குக் குடிமாற்றுகிறது.

கட்டளைகள் எல்லாமே
ஆச்சரியக்குறியில்தான் தொடங்கும்.
மற்ற இடங்களில் அது கடைசியில் வரும்,
எல்லாம் நடந்து முடிந்த பிறகு.
இங்கே வியப்பை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான்
என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.

!வரைபடம் எட்டுத்தீவு
!மூடுபனி 2
!காற்றாலை 3
எங்கள் ஊர்க் காற்றுக்கு அதுவே குறைச்சல்.
!அணுகுண்டு 0
பெர்கன் பையன் ஒவ்வொரு வாரமும் கேட்பான்.
ஒவ்வொரு வாரமும் பூஜ்யம்.

போன மாதம் படகு விலையில்
ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன்.
பத்தாவது நிமிடத்தில் கடலில் தண்ணீர் தெரியவில்லை.
படகுக்கு மேல் படகு,
திருப்ப இடமில்லாமல் போரே முட்டிக்கொண்டு நின்றது.
கரையிலிருந்து கரைக்கு நடந்தே போகலாம்
என்று எழுதினாள் மார்யுன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
இரண்டு பேரைத் தவிர.

ஹெரி, துரோண்டூர். ஒரு தாய் மக்கள்.
அப்பாவின் படகை ஹெரி கேட்காமல் விற்றான்
என்கிறான் துரோண்டூர்.
கேட்கத்தான் கூப்பிட்டேன், அவன் ஃபோனை எடுக்கவில்லை
என்கிறான் ஹெரி.
இரண்டும் என் தனிச்செய்தியில்தான் வந்து விழும்.
நான் ஹோஸ்ட். கோர்ட் இல்லை.

ஆனாலும் இருவரும் வருவார்கள்,
ஒன்பது பத்துக்கு ஒருவன், பன்னிரண்டுக்கு ஒருவன்.
!தயார் என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.
!சமன்செய் என்று அடித்தால்
லாபி எல்லோருடைய பலத்தையும் கூட்டிக் கழிக்கும்.
அண்ணனும் தம்பியும் கிட்டத்தட்ட ஒரே எண்.
ஒரே பலம் என்பதாலேயே
எதிரெதிர் அணியில் போய் உட்காருவார்கள்.
நாலு மாதமாக இதுதான்.
இயந்திரத்துக்குக் குடும்பம் தெரியாது,
கணக்கு தெரியும்.

இந்த வாரம் பதினொரு வரி எழுதினேன்.
இரண்டு பெயரை ஒரே முடிச்சில் போட்டு
அதற்கப்புறம் சமன்செய்யச் சொல்லும் வரிகள்.
ஒரு அடைப்புக்குறியை மூட மறந்து
புதன்கிழமை முழுக்கப் போயிற்று.
கட்டளைக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை.
!சோதனை7.

வாக்கெடுப்பு நடந்தது.
ஒன்பது பேர் ஆம்.
பெர்கன் பையன் வேண்டாம், குண்டு தராத கோபம்.
இரண்டு பேர் வாக்களிக்கவே இல்லை.
நிறைவேறியது.

பதினாலாவது நிமிடம்
வடக்குத் தீவில் ஹெரிக்கு இரும்பு தீர்ந்தது.
அரட்டைப் பெட்டியில் சத்தமில்லை.
பிறகு ஓரத்தில் ஒரு சாம்பல் வரி:
துரோண்டூர், ஹெரிக்கு, இரும்பு 500.

எனக்கு மூச்சு நின்றது.
அடுத்த வரி வந்தது:
ஹெரி, துரோண்டூருக்கு, இரும்பு 500.
திருப்பிக் கொடுத்துவிட்டான், கடன்காரனுக்குக் கொடுப்பதுபோல.
மறுபடி 500 வந்தது. மறுபடி போனது.
ஆறு முறை.
அதற்குள் மார்யுன் தெற்கே இறங்கி
மூன்று தீவையும் பிடித்துக்கொண்டாள்.
ஏழாவது முறை வந்தது திரும்பிப் போகவில்லை.
ஆனால் அதை வைத்துக் கட்ட
ஹெரிக்கு நிலமே மிச்சமில்லை.

தோற்றார்கள்.
ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள்,
அந்த இருவர் மட்டும்
காலி லாபியில் ஒன்றும் எழுதாமல்
இருபது நிமிடம் இருந்தார்கள்.
நானும் பாத்திரம் கழுவப் போகவில்லை.

ஒன்றரை மணிக்கு பெர்கன் பையன் திரும்பி வந்து கேட்டான்:
அந்த இரும்பு விஷயம், உன் மாடில் பிழையா?

தெரியவில்லை என்று அடித்தேன்.
பழக்கதோஷம்,
முன்னால் ஆச்சரியக்குறி விழுந்துவிட்டது.

அப்படி ஒரு கட்டளை இல்லை
என்றது லாபி.